பொருள் தேடலும் பொருள் ஈட்டலும்: வாழ்வின் நோக்கம் பற்றிய ஆய்வுகள், ஒரு பார்வை

1. முன்சீப் கேட்ட கேள்வி

1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து எட்டு மாதங்களே ஆகியிருந்த உ.வே.சாமிநாதையர், ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். ஐயருக்கு வயது 25. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்குப் பட்டியலில் பஞ்சமா? அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்பவரிடம் ஒரு சலனமும் இல்லை. கம்பராமாயணம், பெரியபுராணம் வரை வந்தும் அப்படியேதான். இதெல்லாம் பிற்கால நூல்கள், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. சீவக சிந்தாமணி என்ற பெயரும் கூடவே வருகிறது. ஐயர் அதைப் படித்ததில்லை.

பிறகு முதலியார் தம்மிடமிருந்த கைப்பிரதியைக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் புரியவில்லை. அது சமண காவியம். சைவ மரபில் படித்தவருக்கு அதன் உலகமே அந்நியம். கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டார். ஊர் ஊராக ஏடு தேடினார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல். 1942இல் 87 வயதில் கண்மூடும்வரை அந்த வேலை ஓயவில்லை.

வாழ்வின் நோக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இத்தகைய கதையைச் சொல்லிவிட்டு, “உங்கள் நோக்கத்தையும் இப்படிக் கண்டுபிடியுங்கள்” என்று முடிப்பது வழக்கம். ஆனால் ஐயர் அன்று எதையும் கண்டுபிடிக்கப் போகவில்லை. ஊருக்குப் புதிதாக வந்த அதிகாரியைப் பார்த்துவரப் போனார். நோக்கம் உள்ளே புதைந்து கிடக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா, செய்யச் செய்ய உண்டாகிறதா? இந்த ஒரு கேள்விக்கு மரபும் தத்துவமும் உளவியலும் தந்திருக்கும் பதில்களைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

2. பொருள் என்ற சொல்

தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே ஒரு வேடிக்கை நடக்கிறது. ‘வாழ்வின் பொருள்’ என்கிறோம். கடைப்பொருளும் பொருள்தான், கைப்பொருளும் பொருள்தான், சொல்லுக்குரிய அர்த்தமும் பொருள்தான். வடமொழி ‘அர்த்தம்’ என்ற சொல்லிலும் இதே இரட்டை உண்டு. செல்வத்தையும் ஆட்சியையும் பேசும் நூலுக்குத்தான் அர்த்தசாஸ்திரம் என்று பெயர். சங்க அகப்பாடல்களில் தலைவன் பிரிந்துபோகும் காரணங்களுள் ஒன்று ‘பொருள்வயிற் பிரிவு’. அவன் ஈட்டப் போகும் பொருள் பெட்டியில் பூட்டிவைக்க அல்ல. இல்லறம் நடத்தவும், கேட்டு வந்தவருக்கு இல்லையென்னாமல் கொடுக்கவும் அது வேண்டும்.

மனிதன் அடையத்தக்கவை என்று நம் மரபு வகுத்த உறுதிப்பொருள்கள் நான்கு: அறம், பொருள், இன்பம், வீடு. திருக்குறளின் 1330 பாக்களும் முதல் மூன்றில் அடங்கிவிடுகின்றன. வீட்டுக்கெனத் தனிப்பால் இல்லை. வரிசையைக் கவனிக்க வேண்டும். பொருளுக்கு முன்னால் அறம் நிற்கிறது. ஒருவனுக்கு நோக்கம் இருக்கிறது என்பதாலேயே அது நல்ல நோக்கம் ஆகிவிடாது என்ற எச்சரிக்கையை அந்த வரிசையில் படிக்கலாம். இன்றைய உளவியல் இதே எச்சரிக்கைக்குச் சுற்றிவளைத்து வந்து சேர்வதைப் பின்னால் பார்ப்போம்.

பேச்சுத் தமிழில் இந்த விசாரம் இன்னும் சுருக்கமானது. மனம் வெறுத்தவர் “என்ன பொழப்பு இது” என்கிறார். பெரியவர்கள் வாழ்த்தும்போது “நாலு பேருக்குப் பிரயோசனமா இரு” என்கிறார்கள். ‘நாலு பேர்’ என்பது கடைசியில் தூக்கிச் செல்லும் நாலு பேரையும் நினைவூட்டும். அர்த்தமுள்ள வாழ்க்கை என்பதற்கு நம்மிடம் புழங்கும் வரையறை பெரும்பாலும் இதுதான்: தனக்கு வெளியே யாருக்காவது பயன்படுவது.

ஆய்வாளர்கள் வாழ்வின் பொருளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஃபிராங்க் மார்ட்டெலாவும் மைக்கேல் ஸ்டெகரும் 2016இல் தந்த பகுப்பின்படி, நடப்பவை ஒன்றோடொன்று பொருந்தி விளங்குவது ஒன்று. எதை நோக்கிப் போகிறோம் என்ற திசை இன்னொன்று. நம் இருப்புக்கு ஒரு மதிப்பு உண்டு என்ற உணர்வு மூன்றாவது. முதலாவதை இசைவு, இரண்டாவதை நோக்கம், மூன்றாவதைப் பெறுமதி எனலாம். நோக்கம் முழுமையின் ஒரு கூறு மட்டுமே. மூட்டுவலியோடு பேரனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் பாட்டிக்குப் பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லாதிருக்கலாம். ஆனால் காலை எட்டு மணிக்கு அவர் இல்லாவிட்டால் அந்த வீடு நின்றுபோகும். பெறுமதி என்பது அது.

3. டால்ஸ்டாய் முதல் ஃபிராங்க்ல் வரை

அரிஸ்டாட்டில் நல்வாழ்வைச் சுகமான மனநிலையாகப் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் செய்யும் செயலாகப் பார்த்தார். 19ஆம் நூற்றாண்டில் அந்த உறுதி குலைந்தது. ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரேனினா’ இரண்டையும் எழுதி முடித்துப் புகழ், செல்வம், குடும்பம் எல்லாம் வாய்த்திருந்த டால்ஸ்டாய், ஐம்பது வயதையொட்டி வீட்டிலிருந்த கயிற்றைத் தன் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தார். துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவதை நிறுத்தினார். எதற்கு இதெல்லாம் என்ற ஒரே கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. தன் வர்க்கத்துப் படிப்பாளிகளிடம் தேடிக் களைத்து, கடைசியில் உழைக்கும் குடியானவர்களின் நம்பிக்கையிடம் போய்ச் சேர்ந்த கதையை ‘ஒப்புதல் வாக்குமூல’த்தில் அவரே எழுதினார்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942இல் காம்யூ ‘சிசிஃபஸ் தொன்ம’த்தை வெளியிட்டார். உலகம் பதில் தராது. பாறையை மறுபடி மறுபடி உருட்டும் சிசிஃபஸின் பிடிவாதமே போதும் என்பது அவர் கட்சி. மனிதன் தன்னைத் தானே ஆக்கிக்கொள்கிறான் என்றார் சார்த்தர். இதற்கு மறுமொழியாக 2010இல் வந்த நூலில் சூசன் வுல்ஃப் ஒரு நடுவழி சொன்னார்: ஒருவர் மனதார ஈடுபட்டால் மட்டும் போதாது, ஈடுபடும் விஷயமும் ஈடுபடத் தகுந்ததாக இருக்க வேண்டும். நாள் முழுக்கப் பாறை உருட்டுகிறவன் மகிழ்ச்சியாகவே இருந்தாலும், அந்த வேலையால் யாருக்கு என்ன பயன்? ‘பிரயோசனம்’ என்ற நம் சொல் தத்துவத்தில் மீண்டும் நுழையும் இடம் இது.

இந்த விவாதத்தை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் (1905–1997). 1942இல் தெரெசின்ஸ்டட் முகாமுக்கும், 1944இல் அவுஷ்விட்சுக்கும், பிறகு டக்காவு முகாமின் கிளைகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். மேல்சட்டைக்குள் மறைத்துவைத்திருந்த நூலின் கையெழுத்துப் பிரதி அவுஷ்விட்சில் பறிபோனது. பெற்றோர், அண்ணன், மனைவி யாரும் மிஞ்சவில்லை. விடுதலைக்குப் பின், 1946இல் வெளியான தன் முகாம் அனுபவ நூலை ஒன்பது நாட்களில் சொல்லி எழுதவைத்தார்.

அந்த நூலின் மையத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது. வாழ்க்கையிடமிருந்து எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதை விடு. கேட்பது வாழ்க்கை, பதில் சொல்ல வேண்டியவன் நீ என்கிறார் ஃபிராங்க்ல். பதில் சொல்ல மூன்று வழிகள்: ஒன்றைச் செய்தோ ஆக்கியோ தருவது, ஒருவரை நேசிப்பது அல்லது ஓர் அழகை அனுபவிப்பது, தவிர்க்கவே முடியாத துன்பத்தை எப்படித் தாங்குவது என்று தானே முடிவெடுப்பது. மூன்றாவதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தவிர்க்கக்கூடிய துன்பத்தைச் சகித்துக்கொள்வதை அவர் சிறப்பாகச் சொல்லவில்லை. கும்பகோணத்துக் காட்சியை இந்தத் திருப்பத்தோடு சேர்த்துப் பார்த்தால், முன்சீப் கேட்டதும் ஐயர் பதிலாகத் தன் வாழ்நாளைக் கொடுத்ததும் தற்செயலாகத் தோன்றாது.

4. அளந்து பார்த்தவர்கள்

1960களிலிருந்து இது அளவைக்கு வந்தது. கரோல் ரிஃப் 1989இல் உளநலத்தின் ஆறு கூறுகளில் ஒன்றாக வாழ்வின் நோக்கத்தை வைத்தார். 2006இல் ஸ்டெகரும் சகாக்களும் பத்துக் கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை உருவாக்கினார்கள். பொருள் இருப்பதையும் பொருள் தேடுவதையும் தனித்தனியாக அளந்தது அதன் சிறப்பு. அமெரிக்கர்களிடையே அதிகம் தேடுகிறவர்கள் பொருள் குறைவாக உணர்கிறவர்களாக இருக்கும் போக்கு தெரிந்தது. ஜப்பானியரிடம் இரண்டும் கைகோத்துப் போயின. ஓரிடத்தில் தேடல் தொலைத்தவனின் பதற்றம். இன்னோரிடத்தில் அது நடைபோடுகிறவனின் இயல்பு.

உயிரோடும் இதற்குத் தொடர்பு தெரிகிறது. ஜப்பானின் ஓசாக்கி பகுதியில் 40 முதல் 79 வயது வரையிலான 43,391 பேரை ஏழாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008இல் வெளியானது. வாழ்வதற்கு ஒரு காரணம் உண்டு என்று சொன்னவர்களைவிட, இல்லை என்று சொன்னவர்களிடையே இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் 6,163 பேரை 14 ஆண்டுகள் தொடர்ந்த பாட்ரிக் ஹில், நிக்கோலஸ் டூரியானோ ஆய்வும் (2014) இதே திசையைக் காட்டியது. இளையோர், முதியோர், பணியில் இருப்போர், ஓய்வுபெற்றோர் என்ற வேறுபாடின்றி அந்தத் தொடர்பு நிலைத்தது. பென்ஷன் கோப்பு முடிந்த மறுநாள் காலை, குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு போக இடமில்லாமல் வாசலில் நிற்கும் மனிதரை அறிந்தவர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல.

ஆனால் அவசரப்படக் கூடாது. உடல் தளர்ந்தவருக்கு நோக்கம் மங்குவதும் உண்டு. எது காரணம், எது விளைவு என்று இத்தகைய ஆய்வுகளால் அறுதியிட முடியாது. ஆய்வாளர்கள் தொடக்க உடல்நிலையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தாலும் ஐயம் முழுமையாக நீங்குவதில்லை. சோதனை முறையில் கிடைத்த சான்றுகளில் குறிப்பிடத்தக்கது நியூயார்க்கில் வில்லியம் பிரைட்பார்ட் குழு நடத்தியது. ஃபிராங்க்லின் கருத்துகளை அடிப்படையாகக் கொண்ட உளச்சிகிச்சையை முற்றிய புற்றுநோயாளிகளுக்கு அளித்தபோது, வாழ்வின் பொருள் பற்றிய அவர்களின் உணர்வு மேம்பட்டது. ஆயுளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. எஞ்சிய நாட்களின் தரத்தைப் பற்றிச் சொன்னது.

மகிழ்ச்சியும் பொருளும் ஒன்றல்ல என்பதையும் அளவைகள் காட்டின. ராய் பாமைஸ்டரும் சகாக்களும் 397 பேரிடம் நடத்திய ஆய்வில் (2013), தேவைகள் நிறைவேறுவதும் உடல் சுகமும் மகிழ்ச்சியோடு சேர்ந்து நின்றன. கொடுப்பது, கவலைப்படுவது, கடந்ததையும் வருவதையும் எண்ணிப் பார்ப்பது ஆகியவை பொருளோடு சேர்ந்து நின்றன. பரீட்சைக் காலத்தில் பிள்ளையோடு கண்விழித்திருக்கும் தாயிடம் சந்தோஷமா என்று கேட்டால் முறைப்பாள். அந்த இரவு வீணா என்று கேட்டால் அதைவிடக் கடுமையாக முறைப்பாள்.

இன்னும் துணுக்குறச் செய்வது ஷிகேஹிரோ ஒய்ஷியும் எட் டீனரும் 132 நாடுகளின் தரவுகளை வைத்து 2014இல் எழுதியது. வாழ்க்கை மனநிறைவைக் கேட்டால் பணக்கார நாடுகள் முன்னே நிற்கின்றன. வாழ்வுக்குப் பொருள் உண்டா என்று கேட்டால் ஏழை நாடுகள் முன்னே நிற்கின்றன. சமயப் பிடிப்பு இதில் பெரும்பங்கு வகிப்பதாக அவர்கள் கண்டார்கள். இதைக் காட்டி ‘ஏழைகள்தான் நிறைவாக வாழ்கிறார்கள்’ என்று சொல்வது அயோக்கியத்தனம். அதே தரவில் அவர்களின் வாழ்க்கை நிறைவு குறைவாகத்தான் இருக்கிறது. பணத்தால் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது என்பதால் பணத்தால் வாங்க முடிந்தவை வேண்டாம் என்றாகிவிடாது.

5. நான்கு வட்டங்களும் ஒரு தீவும்

‘இகிகை’ என்ற சொல் இன்று தமிழ்ப் புத்தகக் கடை வரை வந்துவிட்டது. பிடித்தது, திறமை உள்ளது, உலகுக்குத் தேவையானது, பணம் தருவது என்ற நான்கு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் நடுப்புள்ளியாக அதைக் காட்டும் படத்தைப் பார்க்காதவர் குறைவு. அந்தப் படம் ஜப்பானில் பிறந்ததல்ல. மேற்கில் முன்பே புழங்கிய நோக்கப் படத்தின் நடுவில் 2014இல் அந்தச் சொல்லைப் பொருத்திவிட்டார்கள்.

ஜப்பானில் இதை ஆழமாக எழுதியவர் மனநல மருத்துவர் மியெகோ காமியா. நாகஷிமா தீவில் தொழுநோயாளிகளுக்கான விடுதியில் பணியாற்றி, அங்கே கண்டதை வைத்து 1966இல் அவர் எழுதிய நூல்தான் இத்துறையின் அடிப்படை. நோயும் தீவும் எல்லோருக்கும் ஒன்றுதான். சிலருக்கு நாட்கள் வெறுமையாகக் கழிந்தன, சிலர் காலையில் எழக் காரணத்தோடு இருந்தார்கள். ஏன் என்பதே அவர் கேள்வி. நான்கு வட்டங்களில் ‘பணம் தருவது’ என்ற வட்டம் அந்தத் தீவில் கிடையாது. ஜப்பானியர் அன்றாடம் புழங்கும் பொருளில் இகிகை என்பது பேரக்குழந்தையாகவும் தோட்டமாகவும் இருக்கலாம். சம்பளப் பட்டியலோடு அதைப் பிணைத்தது நம் காலத்தின் வேலைச் சந்தை.

6. தொழிலும் அதன் நிழலும்

வேலையை ஒருவர் பார்க்கும் விதத்தை ஏமி ரெஸ்னெஸ்கி 1997இல் மூன்றாகப் பிரித்தார்: பிழைப்பு, முன்னேற்றப்படி, வாழ்நாள் அழைப்பு. ஒரே பதவியில் இருந்த அலுவலக உதவியாளர்களிடமே இந்த மூன்று பார்வைகளும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. ஜேன் டட்டனோடு சேர்ந்து அவர் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசியபோது, தரை துடைப்பதோடு நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசுவதையும் தங்கள் வேலையின் பகுதியாகவே எண்ணிச் செய்தவர்கள் இருந்தது தெரிந்தது. வேலை ஒன்றுதான், அதைத் தங்கள் கையால் வேறாக வளைத்துக்கொண்டார்கள்.

இதற்கு நிழல் உண்டு. அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் விலங்குகளைப் பராமரிப்பவர்களை ஆராய்ந்த ஸ்டுவர்ட் பண்டர்சனும் ஜெஃப்ரி தாம்சனும் (2009), வேலையைத் தங்கள் பிறவிக் கடனாக எண்ணியவர்கள் குறைந்த ஊதியத்தையும் சிரமத்தையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்ததையும், அது சுரண்டலுக்கு வாசல் திறந்ததையும் காட்டினார்கள். இது நமக்குத் தெரியாத கதையா? 2005இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் இயங்கும் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் இன்றும் தன்னார்வலர்கள் என்றே குறிக்கப்படுகிறார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் விருது அவர்களுக்குக் கிடைத்தது. முறையான ஊழியர் என்ற பெயர் கிடைக்கவில்லை. ‘சேவை’ என்ற சொல் சம்பளத்தைக் குறைக்கும் இடத்தில் எல்லாம், நோக்கத்தைப் பற்றிய பேச்சைச் சந்தேகத்தோடு கேட்க வேண்டும்.

7. தேடினால் கிடைப்பதும் வளர்த்தால் வருவதும்

இளைஞர்களிடம் “உனக்குப் பிடித்ததைக் கண்டுபிடி” என்கிறோம். 2018இல் பால் ஒகீஃப், கரோல் டுவெக், கிரிகரி வால்டன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இந்த அறிவுரையின் குறையைக் காட்டியது. கருந்துளைகள் பற்றிய சுவையான காணொளியைப் பார்த்த மாணவர்களுக்கு, அடுத்து அதே பொருளில் ஒரு கடினமான கட்டுரை தரப்பட்டது. ஆர்வம் பிறவியிலேயே அமைந்தது என்று நம்பியவர்களின் ஆர்வம் சட்டென்று வடிந்தது. வளர்க்கக்கூடியது என்று நம்பியவர்களுக்கு அத்தனை வடியவில்லை. “இது என் துறை என்றால் இவ்வளவு கஷ்டமாக இருக்குமா” என்ற நினைப்புதான் வேலையைக் கெடுக்கிறது. சிந்தாமணியின் முதல் பக்கத்தில் புரியாமல் தவித்த ஐயர் இந்த நினைப்புக்கு ஆளாகியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அமெரிக்க இளைஞர்களை ஆராய்ந்த வில்லியம் டேமன், 2008இல் வெளியிட்ட நூலில், ஐந்தில் ஒருவரிடம்தான் தெளிவான நோக்கம் இருந்ததாக எழுதினார். நோக்கத்துக்கு அவர் தந்த வரையறையில் இரண்டு நிபந்தனைகள்: அது தனக்குப் பொருளுள்ளதாக இருக்க வேண்டும், தன்னைத் தாண்டிய உலகுக்கும் அதனால் விளைவு இருக்க வேண்டும். அந்த விளைவு நல்லதா கெட்டதா என்ற கேள்வியை அவரும் எழுப்பினார். வதைமுகாமை நடத்தியவர்களுக்கும் நோக்கம் இருந்ததல்லவா? அறத்துப்பால் முன்னே நிற்பதன் காரணம் இங்கே விளங்கும்.

ஒரு நோக்கம் முட்டுச்சந்தில் நின்றால் என்ன செய்வது என்பதற்கு மதுரையில் ஒரு பதில் உண்டு. உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து வளர்ந்த கோவிந்தப்ப வெங்கடசாமி (1918–2006), பிரசவ மருத்துவர் ஆகவே விரும்பினார். முப்பது வயதை ஒட்டி முடக்குவாதம் தாக்கியது. படுக்கையில் கிடந்து எழுந்தபோது விரல்கள் கோணிக்கொண்டிருந்தன. பேனா பிடிப்பதே பெரும்பாடு. பிரசவ மருத்துவம் கைவிட்டுப் போனது. கண் மருத்துவம் படித்தார். அந்தக் கோணல் விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் அந்தக் கைகளால் நடந்தன. 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றதும் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் அப்போது 11 படுக்கைகள்தான். கண்ணுக்குள் பொருத்தும் வில்லையின் விலை எளியவர்களுக்கு எட்டாதிருந்ததால், அதை இங்கேயே செய்ய 1992இல் ஆரோலேப் எழுந்தது. கண் அவரது முதல் ஆசை அல்ல. பிறர் வலிக்குப் பதில் சொல்வது அவரது முதல் ஆசை. அது வழி மாறியும் திசை மாறவில்லை.

8. தொகுத்துப் பார்த்தால்

இத்தனை துறைகளும் முழுமையாக ஒத்துப்போகவில்லை. ஆனாலும் நான்கு செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, உறவு. ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஆய்வு, 268 கல்லூரி மாணவர்களையும் பாஸ்டனின் எளிய குடும்பங்களைச் சேர்ந்த 456 சிறுவர்களையும் முதுமைவரை தொடர்ந்து, நல்லுறவின் எடையையே மீண்டும் மீண்டும் சொல்கிறது. இரண்டாவது, ஒழுங்கு. சமந்தா ஹைன்ட்ஸல்மனும் லாரா கிங்கும் அன்றாட வழக்கங்களைப் பற்றிச் செய்த ஆய்வுப்படி, தினமும் ஒரே நேரத்தில் செய்யும் சாதாரண வேலைகளும் வாழ்வுக்குப் பொருள் உண்டு என்ற உணர்வோடு சேர்ந்து நிற்கின்றன. வாசலில் கோலம் போடுகிறவருக்கு இதற்கு ஆய்வு தேவைப்பட்டிருக்காது. மூன்றாவது, கஷ்டமான கட்டத்தைத் தாண்டும் பொறுமை. நான்காவது, தரைமட்டம்: வயிற்றுக்கும் மானத்துக்கும் உத்தரவாதம் இல்லாத இடத்தில் நோக்கம் பற்றிப் பேசுவது பேசுகிறவரின் வசதி.

இவற்றோடு நான் சேர்ப்பது ஒன்றுதான். ‘பொருள் தேடுதல்’, ‘பொருள் ஈட்டல்’ இரண்டும் நம் மொழியில் பழகிய தொடர்கள். செல்வத்தைப் பொறுத்தவரை தேடுவது தொடக்கம், ஈட்டுவது உழைப்பு என்று நமக்குத் தெரியும். தேடிக்கொண்டே இருப்பவனை யாரும் பணக்காரன் என்பதில்லை. வாழ்வின் பொருளிலும் கணக்கு இதுவே. உனக்கு என்ன பிடிக்கும் என்று பதினேழு வயதுப் பிள்ளையை நச்சரிப்பதைவிட, உன்னிடம் யார் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லலாம். கேட்பது நோயாளியாக இருக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், கரையான் அரிக்கும் ஓலைச்சுவடியாகவும் இருக்கலாம்.

அன்று முன்சீப் வீட்டிலிருந்து மனம் நொந்து திரும்பியிருந்தாலும் சாமிநாதையர் நல்ல தமிழாசிரியராகவே வாழ்ந்து ஓய்வுபெற்றிருப்பார். குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. அவர் பிரதியை வாங்கிக்கொண்டார். பிரித்தார், புரியவில்லை. மறுபடி பிரித்தார்.